கொல்லை வாழை

வில்லியனூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் மடியில் துணிமூட்டையோடு இருந்த அம்மாள், பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "கொல்லையில வாழ தளதளன்னு இருக்குதுக்கா. அதான் வூட்ட வுட்டு வந்துட்டேன்."

"அதுக்கா கோச்சிக்கின?"

"இந்தக் கத்திரி வெயில்ல, யாரும் தண்ணி ஊத்தாமலே தளதளன்னு இருக்குது. பக்கத்துல செப்டிக் டேங்க் கசியுது. கக்கூசுல ஊத்துற தண்ணியும் எறங்காம களக்களக்குன்னு நிக்குது."

"வூட்டுக்காரரு என்னா சொல்றாரு?"

"சைகோன்ல பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துல இருந்தப்ப பாத்தத வெச்சு அந்த டேங்க்க அவரே கட்டுனாரு. 'நான் கட்டுனது ரொம்பாது'ன்னு மூடியயும் சிமெண்ட் வெச்சுப் பூசிட்டாரு. வரவங்க போறவங்களுக்கெல்லாம் வாழையக் காட்டி ஒரே பெரும!"

"எப்ப திரும்பிப் போவ?"

"கடப்பாறைய வாசல்ல சாத்திட்டு வந்திருக்கேன். மூடிய ஒடச்சாருன்னா போவேன். இல்லன்னா அந்த வாழையோடவே குடும்பம் நடத்தட்டும்."