கப்பக்காரனா, பனிமலைக்காரியா

இல்ல தம்பி, புது ஆட்டம் எதையும் எடுத்துக் காட்டாத. வாங்க வரல. அந்தக் கண்ணாடி அலமாரியத் தொறந்தேன்னா எனக்குச் சபலம் வந்துரும், அப்புறம் வீட்டுல மல்லிகாகிட்ட யாரு பேச்சு வாங்குறது. நான் கேக்க வந்தது ஒண்ணே ஒண்ணுதான். இந்தா, பையில ரெண்டு டிஸ்க் இருக்கு பாரு. இந்த ரெண்டையும் நீ கடைசி வரைக்கும் ஆடியிருக்கியா? கப்பக்காரனையும், பனிமலைக்காரியையும்?

அட்டையில வேற பேரு போட்டிருக்குன்னு எனக்கும் தெரியும்லா. நீளமா இங்கிலீஷ்ல இருக்கு, என் வாயில நொழையாது. எங்க வீட்டுல இதான் பேரு. ரெண்டையும் முடிச்சிட்டியா? அப்பாடா. யூனுஸ்கிட்ட போனா தெரியும்னு மல்லிகா சொன்னது சரியாப் போச்சு. ஒக்காரு, ஒக்காரு. கடையில இப்போ ஆளு இல்லதானே. யாராச்சும் வந்தா நான் நிறுத்திக்கிறேன்.

என்னையப் பாத்தா ஆட்டம் ஆடுறவன் மாதிரி இல்லைன்னு நெனைக்கிற. சரிதான். தலையில இருக்குற நாலு முடியும் நரைச்சுப் போச்சு. மகன் சிங்கப்பூர் வேலைக்குப் போறப்போ இந்த வீடியோ கேம் மெஷின வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டான். நான் புக்கிட் ரம்பாய் ஃபேக்டரியில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கிட்டு இருந்தேன். முட்டி தேஞ்சு போச்சுன்னு வீட்டுல ஒக்கார வச்சிட்டாங்க. நாள் முழுக்க ஜன்னல் வழியா கஜா பெராங் ரோட்டுல போற காரு நெம்பர படிச்சிக்கிட்டு இருந்தேனா, மல்லிகாவுக்குத் தாங்கல. அந்தப் பெட்டியையாவது தட்டித் தொலைங்கன்னிச்சு. அப்படி ஆரம்பிச்சதுதான்.

ஃபேக்டரியில அத்தன வருஷம் ஓட்டி ஒரு பெட்டிய முட்டுனதில்ல நான். மொத நாள் கப்பல எடுத்தேன் பாரு, துறைமுகத்துலயே மூணு படகு காலி. அந்த மாலுமிங்கள்லாம் மெஷினுக்குள்ள இருந்துக்கிட்டு எனக்குச் சாபம் விட்டிருப்பானுங்க. அதக்கூட விடு. விட்ட எடத்துலேர்ந்து தொடரணும்னா ஆடுறத சேமிச்சு வைக்கணும்னு எனக்கு யாரும் சொல்லல. ரெண்டு மாசம், ரெண்டு மாசம் தம்பி, தினம் சாயங்காலம் கப்பல மொதல்லேர்ந்து கெளப்புனேன். அந்தக் கெழவன் கேப்டன் தினம் அதே பாயச் சுருட்டி எடுத்து வச்சு, தினம் அதே மனுஷன்கிட்ட போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுக் கெளம்புறான். நான் என்னா நெனைச்சேன்னா, கதையே அப்படித்தான் போலன்னு. வயசானவனுக்கு மறதின்னு வச்சிருக்கான், நல்லா யோசிச்சு எழுதியிருக்கான்னு மல்லிகாகிட்ட பாராட்டி வேற பேசினேன்.

சிரி, சிரி. மகன் ஃபோன்ல இதவிட சிரிச்சான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ரெண்டுல எது ஒசத்தின்னு நீ சொல்லு. பனிமலைக்காரியா? எல்லாரும் அதத்தான் சொல்றீங்க. நானும் இல்லைங்கல. ஊருக் கெணறு வத்திப் போச்சு, ஏன் வத்துச்சுன்னு பாக்க ஒத்தப் பொம்பள வெளக்கத் தூக்கிக்கிட்டு மலையேறுறா. போர் கெடையாது, துப்பாக்கி கெடையாது. அந்தப் பனி எறங்குற அழகு இருக்கே, நாம எங்க பனியக் கண்டோம், சீவிப் போடுற ஐஸ் காச்சாங், அதுல சீனி போடாத மாதிரின்னு வச்சிக்கிட்டோம், ஆனா பாத்துக்கிட்டே இருக்கலாம். முடிவுல மல்லிகா அழுதுச்சு. நானும் அழுதேன், வெங்காயம் எதுவும் உரிக்காமலே. ஒரே பாதை, எங்கயும் திரும்ப முடியாது, ஆனா அந்தப் பாதையில மனச அப்படியே புடிச்சு இழுத்துட்டுப் போயிருவான். கண்ணால பாக்குறவங்களுக்கு அதுதான் ஒசத்தி. ஒத்துக்கிறேன்.

ஆனா காதால கேக்குறவங்களுக்கு? நீயே சொல்லு. அவ பேசவே மாட்டேங்கறா. காத்து அடிக்குது, நடக்குறா. மறுபடி காத்து அடிக்குது, மறுபடி நடக்குறா. இத நான் எத்தன நாளைக்குத்தான் வாயால சொல்லுவேன்?

கப்பக்காரன் அப்படி இல்ல. வாயத் தொறந்தா மூட மாட்டான். ஒவ்வொரு தீவுலயும் ஒரு சண்டை, ஒரு வெவகாரம், ஒரு சாப்பாட்டுக் கடை. அதோட பெரிய விஷயம் என்னான்னா, இப்படிப் போறியா அப்படிப் போறியான்னு நம்மகிட்டயே கேக்குறான். பொய் சொல்லவா, உண்மை சொல்லவா. இவனக் காப்பாத்தவா, விட்டுட்டுப் போகவா. படம் சுமார்தான், தண்ணியெல்லாம் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். கதையிலயும் அங்கங்க ஓட்டை. இருந்தாலும் கேக்குறவனுக்கு வெத்தல பாக்கு வச்ச மாதிரி.

யாரு கேக்குறாங்களா? அதான் சொல்ல வர்றேன்.

மல்லிகாவுக்கு இங்கிலீஷ் வராது. அதனால நான் ஒவ்வொரு பேச்சையும் தமிழ்ல சத்தமா சொல்லிக்கிட்டே ஆடுவேன். எனக்கு மட்டும் ரொம்ப வருதான்னு கேளு. டேஞ்சர், நோ என்ட்ரி, கீப் லெஃப்ட், என் இங்கிலீஷ் அவ்ளோதான். மிச்சம்லாம் சொந்த சரக்கு. கப்பக்காரன் காலையில நாசி லெமாக்லதான் பசியாறுவான். புயல்ல மாட்டுனா நம்ம கிளேபாங் கடற்கரைப் பக்கமாத்தான் ஒதுங்குவான். அவனுக்கு முட்டி வலி கூட நான் குடுத்ததுதான். எழுதுனவன் கேட்டான்னா என் மேல கேஸ் போடுவான்.

அப்படி, அந்த ரெண்டு மாசத்துக்குள்ள ஒருநாள், கப்பக்காரன் நெத்தியில ஒருத்தன் துப்பாக்கிய வச்சிட்டான். அந்த நேரம் பார்த்து மல்லிகா சாப்பிடக் கூப்பிட்டுச்சு. நானும் மெஷின அடைச்சிட்டு எந்திரிச்சேன். அப்போ எங்க வீட்டுப் பலகைச் செவத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு கொரலு. ஏ பூனை, சுடப் போறான்னு சொல்லிட்டு சோத்துக்கு எந்திரிச்சுப் போறவன்லாம் மனுஷனா.

எங்க அண்ணன். சேதுபதி. ஒங்க அத்தாவுக்கு நல்லாத் தெரியும், துக்காங் எமாஸ் தெருவுல கடை வச்சிருந்தப்போ அண்ணன்தான் மூட்டைய எறக்கும். எங்க வீடு ஒரு வீட்ட ரெண்டாப் பிரிச்சது. மெர்டேக்கா வருஷம், அதான் நாட்டுக்குச் சுதந்திரம் கெடைச்சப்போ, எங்க அப்பா நடுவுல பலகை அடிச்சாரு, அதான் செவரு. அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் நான். ஏழெட்டு வருஷமாப் பேச்சு இல்ல.

பெரிய காரணமெல்லாம் எதிர்பாக்காத, ஏமாந்துருவ. பலகைய எடுத்துட்டு செங்கல் செவரு வைப்போம்னு அண்ணன் சொன்னுச்சு. எங்க சத்தம் ஒனக்கு அவ்ளோ கசக்குதான்னு நான் கேட்டேன். அவ்ளோதான். ரெண்டு கழுதைங்களும் மூஞ்சிய திருப்பிக்கிச்சுங்க. செவரும் வரல, பேச்சும் வரல. அண்ணி செத்தப்போ பாடையில ஒரு மொனைய நான் தூக்குனேன், இன்னொரு மொனையில அண்ணன், அப்பக்கூட ரெண்டு பேரும் ரோட்டப் பாத்துக்கிட்டே நடந்தோம். அதுக்கப்புறம் அண்ணன் தனியாத்தான் கெடக்குது, ஒரு பூனைய வச்சுக்கிட்டு. எனக்கு அது கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா போயி நிக்கிறதுக்குக் கால் வரல. வாய் பெருசா இருக்குறவனுக்குக் கால் அப்படித்தான் போல.

நம்மாளுங்க பேச்சு நின்னுபோச்சுன்னா எப்படின்னு ஒனக்குத் தெரியும்ல. நேரா பேசமாட்டோம். கோழிய திட்டுவோம், நாயத் திட்டுவோம், அதுங்க ஒண்ணும் புரியாம முழிக்கும். அண்ணன் அப்படித்தான் பூனைகிட்ட சொல்லிச் சொல்லியே ஆட்டத்துல கலந்துக்கிச்சு. ஏ பூனை, அந்த மீசைக்காரன நம்பாத, அவன் காட்டிக் குடுப்பான். ஏ பூனை, பீரங்கி இருக்குறப்போ எவனாவது கத்திய எடுப்பானா. நான் தெனம் கப்பல மொதல்லேர்ந்து கெளப்புன ரெண்டு மாசமும் அது கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கு. ஏ பூனை, அந்தக் கப்பல் இந்த ஜென்மத்துல கரையத் தாண்டுமான்னு கேட்டுச்சு. அதுக்கப்புறம்தான் நான் மகனுக்கு ஃபோன் போட்டு சேமிக்கக் கத்துக்கிட்டேன்.

எங்க வீட்டுல பூனை இல்ல. நான் மல்லிகாவ வச்சு பதில் சொல்லிப் பாத்தேன். நான் என்னா ஒங்க பூனையான்னு கேட்டுட்டு அது அடுப்படிக்குப் போயிருச்சு.

நடுவுல பனிமலைக்காரிய போட்டப்போ அண்ணன் பொறுத்துப் பாத்துச்சு. நாலு நாள் நடந்தா. அஞ்சாம் நாள், ஏ பூனை, அந்தப் பொம்பளைக்கு பஸ் காசு இருந்தா குடுத்து அனுப்புன்னுச்சு. அதனால அத பகல்ல நானும் மல்லிகாவுமா முடிச்சிட்டு, சாயங்காலத்துக்குக் கப்பக்காரனையே மறுபடி வச்சோம். அண்ணனுக்குக் கப்பக்காரன்தான் ஒசத்தி. இப்போ புரியுதா நான் ஏன் இந்தப் பக்கம் பேசுறேன்னு.

இப்போ என்னா பிரச்சனைன்னா, பலகை பூராவும் கரையான். கைய வச்சா பொடியா உதிருது. கோலாலம்பூர்ல இருக்குற அண்ணன் மகன் வந்து பாத்துட்டு, செங்கல்ல எறக்கிட்டுப் போயிட்டான். அவன் செஞ்சது தப்புன்னு சொல்ல முடியல, வீடு விழுந்துருமே. கொத்தனாரு ரெண்டு தடவ வந்தான். ரெண்டு தடவையும் அண்ணன், இப்போ வேலை இருக்கு, அப்புறம் வான்னு அனுப்பிருச்சு. அதுக்கு என்னா வேலை? ஒண்ணும் கெடையாது. கதை முடியாம அவர் செவர் கட்ட விடமாட்டாருன்னு மல்லிகா சொல்லுது. வர்ற திங்கக்கெழம மறுபடி வர்றானாம். செங்கல் ஏறிருச்சுன்னா நான் தொண்டை கிழியக் கத்துனாலும் அந்தப் பக்கம் கேக்காது. பூனைய திட்டுறதும் இந்தப் பக்கம் கேக்காது. அத நெனைச்சா எனக்குச் சோறு எறங்கல தம்பி.

அதுக்குத்தான் நீட்டிக்கிட்டே போலாம்னு இருந்தேன். கப்பக்காரன் கதை பெருசுதானே. மெதுவா ஒவ்வொரு தீவா, ஒவ்வொரு பெட்டியா தொறந்து பாத்துக்கிட்டு ஓட்டுனேன்.

இப்போ எங்க நிக்கிறான்னா, அந்தக் கடைசித் தீவுல. வரைபடத்த திருடிக்கிட்டு ஓடுன பழைய கூட்டாளி இருக்கான்ல, அவன் வீட்டு வாசல்ல. கொல்லணும்னு கத்தியோட கெளம்புனவன், இத்தன கடலத் தாண்டி வந்து, வாசல்ல நிக்கிறான். தட்டுறியா, திரும்பிப் போறியான்னு ரெண்டு வரி வந்துச்சு. சரியா, அதேதான், அந்தப் பச்சைக் கதவு. நீ அங்க வந்திருக்கல்ல?

நான் எத அமுக்குனேனா? எங்க அமுக்குனேன். கைய வைக்கிறதுக்குள்ள டமால்னு ஒரு இடி. கரண்டு போயி வந்துச்சு, மெஷின் மட்டும் வரல. உள்ள கருகுன வாடை. ஆமா, போன வாரமே போச்சு. கொண்டாந்தா நீ பாத்துத் தர்றேங்கிற, பொருள் வர ரெண்டு வாரம் ஆகும்ங்கிற. அது இப்போ வேணாம். கேளு.

மறுநாள் சாயங்காலம் பழக்க தோஷத்துல நான் டிவி முன்னாடி ஒக்காந்துட்டேன். இருட்டு டிவி. அந்தப் பக்கம் நாற்காலிய இழுத்துப் போடுற சத்தம் கேட்டுச்சு. மெஷின் கெட்டுப் போச்சுன்னு யாருகிட்ட சொல்றது, எந்தப் பூனைகிட்ட சொல்றது. நான் அந்த மெஷினோட கைப்பிடிய கையில எடுத்து, சும்மா டொக்கு டொக்குன்னு அமுக்கிக்கிட்டே சொல்ல ஆரம்பிச்சிட்டேன். மல்லிகா என்னையப் பாத்துச்சு, இருட்டு டிவியப் பாத்துச்சு, பக்கத்துல வந்து ஒக்காந்துக்கிச்சு. கப்பக்காரன் தட்டப் போனான், மழை புடிச்சிருச்சு, குடை எடுக்கக் கப்பலுக்குப் போனான். திரும்பி வந்தான், முட்டி வலி வந்துருச்சு. சந்தையில மீன் வாங்குனான். நாலு நாளா அந்த மனுஷன வாசலுக்கும் கப்பலுக்கும் நடக்க வச்சே கொன்னுட்டேன். இதவிடக் கேவலமா எவனும் கதை சொல்லியிருக்க மாட்டான்.

நேத்து ஒண்ணும் இல்ல தம்பி. சரக்கு தீந்து போச்சு. மறுபடி வாசல்ல கொண்டுபோயி நிறுத்துனேன், கையத் தூக்குனான்னு சொன்னேன், அதுக்கு மேல வாய் வரல. டொக்கு டொக்குன்னு அமுக்குறதையும் நிறுத்திட்டேன். அப்போ பலகைக்குப் பக்கத்துல, ரொம்பக் கிட்டத்துல, எங்க அண்ணன் பேசுச்சு. நேரா. என் பேரச் சொல்லி.

மருது, அவன் தட்டுனா இவன் தொறப்பானாடா?

எனக்குத் தெரியலையே தம்பி. அண்ணன் ரொம்ப நேரம் பலகை ஓரமாவே நின்னுச்சு, அப்புறம் நாற்காலிய எடுத்து வைக்கிற சத்தம். அதான் காலையில மொத ஆளா ஒன் கடைக்கு வந்தேன். நீதான் முடிச்சிருக்கியே, அந்தக் கதவு தொறக்குமா இல்லையான்னு மட்டும் சொல்லு. இன்னைக்கு அண்ணன் வீட்டு வாசப் பக்கமாப் போயி, நேர்ல சொல்லலாம்னு இருக்கேன்.