எட்டாவது கோட்டை

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும்.

“எட்டாவது கோட்டைக்குள்ள போயிட்டேன். நேத்துப் பாத்து சுவிட்சை அணைச்சுப்புட்டீக,” என்றாள் அவள்.

“பழைய வீடியோ கேமுக்கா இம்புட்டுக் கூப்பாடு? திரும்ப ஆடு.”

“அந்தக் கேசட்டுல சேவ் கிடையாது. அணைச்சா முதல்ல இருந்துதான். உங்களுக்குத் தோசை ஊத்தத்தானே பாதியில நிறுத்தி வச்சுட்டு எந்திரிச்சேன்?”

“ரெண்டு புள்ளை பெத்தவ. எப்பத்தான் இதை விடப் போற?”

“நேத்தே விட்டிருப்பேன். அந்தக் கடைசிக் கோட்டையை முடிச்சுட்டு, கேம் பெட்டியைத் தம்பி மகனுக்குக் குடுக்கிறதா இருந்தேன்.”

“அப்ப நல்லதாப் போச்சு. இன்னைக்கே குடுத்துரு.”

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர்கூட நிமிர்ந்து பார்க்கும்படி அவள் குரல் உயர்ந்தது.

“நான் விடுறது வேற, நீங்க புடுங்குறது வேற. இனி நானா விடுற வரைக்கும் அந்த டிவி பக்கம் வந்துறாதீக.”