கப்பல் சொந்தம் கூட்டிப்போன பெண்ணைப் பற்றிச் சங்கிலி சொன்னது

என் பெயர் சங்கிலி. தகப்பனார் பெயர் பழனியாண்டி, இறந்துவிட்டார். வயது எழுபத்தேழு. சேரம்பாடிக்குப் பக்கத்தில் உள்ள தேயிலைத் தோட்டத்தில் மேல் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருக்கிறேன். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டி ஓய்வு பெற்றவன். எழுதப் படிக்கத் தெரியாது. யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ நான் நீதிமன்ற நடுவர் அம்மா முன்பு வரவில்லை.

சம்பவம் நடந்த தேதியைக் கேட்டால் எனக்குத் தெரியாது. வருடம் தெரியும். அவலாஞ்சியில் வானம் பொத்துக்கொண்டு கொட்டி, எமரால்டு பக்கம் காய்கறித் தோட்டங்கள் மண்ணோடு போன வருடம். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் எங்கள் பிள்ளைக் காம்பராவின் கூரைத் தகரம் பறந்துபோய் ஓடையில் கிடந்ததும் அந்த மழையில்தான். அதற்கு அடுத்த வருடம் கொரோனா வந்தது.

அந்த மழைக்குச் சற்று முன்னால் மனிஷா என்ற பெண் எங்கள் லயத்துக்கு வந்தார். ஊர் கோயமுத்தூர் என்றும், கூடலூரில் பெண் பிள்ளைகளை வேலைக்கென்று ஏமாற்றிக் கூட்டிப்போகாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு சங்கத்தில் வேலை செய்வதாகவும் சொன்னார். பள்ளிக்கூடத்தை நிறுத்திய பெண் பிள்ளைகளின் பெயர், வயது என்ன என்று லயத்து வீடுகளில் காம்பரா காம்பராவாகக் கேட்டு எழுதினார். எங்கள் ஆட்களுக்கு அது பிடிக்கவில்லை. இலங்கையில் நாங்கள் இருந்த தோட்டத்துக்கும் இப்படித்தான் ஒருவர் வந்து பெயரும் வயதும் எழுதிக்கொண்டு போனார், அதன் பிறகுதான் எங்களை இந்தியாவுக்கு என்று கப்பலில் ஏற்றினார்கள். ஆகவே பேர் எழுத வருகிறவர்களிடம் உண்மையைச் சொல்வதில்லை என்பது எங்கள் லயத்துப் பழக்கம்.

என் பக்கத்துக் காம்பராவில் ஆண்டாயி இருந்தாள். புருஷன் இல்லாதவள், கொழுந்து பறித்துப் பிழைத்தவள். ஒரே மகள் வனிதா, அப்போது பதினாறு வயது. ஆண்டாயி மகளைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அனுப்பிவிட்டு, தனக்குப் பிள்ளையே கிடையாது என்று சொன்னாள். மனிஷா துணிக்கொடியைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, அப்ப அந்தப் பள்ளிக்கூடப் பாவாடை யாருதுங்க?"

"என்னோடதுதான். சின்ன வயசுல உடுத்தினது. ஆசைக்கு தொவைச்சுப் போட்டேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மனிஷா ஒன்றும் எழுதாமல் போய்விட்டார்.

அதன் பிறகு மழை வந்து ஓய்ந்தது. ஓய்ந்த சில நாளில் பொன்னுத்துரை என்பவர் கோத்தகிரிப் பக்கமிருந்து வந்தார். இவரை எனக்கு நன்றாகத் தெரியும். தலைமன்னாரில் ஒரே கப்பலில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களை நாங்கள் கப்பல் சொந்தம் என்று சொல்லுவோம். சாதி வேறாக இருந்தாலும் சாவுக்கும் கல்யாணத்துக்கும் வருவார்கள். கப்பல் சொந்தக்காரரை எங்கிருந்து வந்தாய், எதற்கு வந்தாய் என்று கேட்டால் அது அவரை வாசலில் நிறுத்தி அவமானப்படுத்துவதற்குச் சமம். பொன்னுத்துரை கப்பலில் வரும்போது பத்து வயதுப் பையன். அலையில் தலை சுற்றி என் அம்மாவின் மடியில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தவர்.

அன்றைக்குக் கூடலூர் ரோட்டில் மரம் விழுந்து பஸ் ஓடவில்லை. அவர் பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார். காலில் போட்டிருந்த சப்பாத்தில் சேறு இல்லை. கீழே எங்கோ வண்டி நிற்கிறது, அதை மறைக்கிறார் என்று எனக்குப் பட்டது. லயத்துக்குக் கீழே டீக்கடை வைத்திருந்த மோசஸிடம் இதைச் சொன்னேன்.

"சங்கிலியண்ணே, வெயில்ல நடந்தா ஒங்க நெழலயே யாரு இவன் பின்னால வாரான்னு திரும்பிப் பாப்பீங்க" என்று அவர் என்னைக் கேலி செய்தார்.

அன்று சாயங்காலம் ஆண்டாயியின் காம்பராவில் பேச்சு நடந்தது. உள்ளே ஆண்டாயி, மோசஸ், பொன்னுத்துரை மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் நிலைப்படியில் நின்றேன். வனிதா அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றினாள். கோயமுத்தூரில் ஒரு டாக்டர் வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்றும், தீபாவளிக்குத் தானே கூட்டிவந்து விடுவதாகவும் பொன்னுத்துரை சொன்னார். அவர் பிள்ளையின் வயதைக் கேட்கவில்லை. பெயரைக்கூடக் கேட்கவில்லை. அதுவே எங்கள் ஆட்களுக்கு மரியாதையாகப் பட்டது. மோசஸ், நம்ம கப்பல்தானே, பயப்படாமல் அனுப்பு என்று ஆண்டாயியிடம் சொன்னார். அப்போது நான், எந்தத் தெரு, டாக்டர் பேர் என்ன என்று கேட்டேன். ஆண்டாயி தலையைக் குனிந்துகொண்டாள். பொன்னுத்துரை மட்டும் சிரித்தார்.

"அண்ணே, ஒங்க அம்மா மடியில வாந்தி எடுத்தவன்ட்ட அட்ரஸ் கேக்குறீங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் நிலைப்படியை விட்டு இறங்கி என் காம்பராவுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் நான் குடத்தோடு பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனபோது, ஃபேக்டரிக்குக் கீழே வளைவில் ஒரு ஜீப் நின்றது. பொன்னுத்துரை பின்னால் ஏறினார். வனிதா ஏறும்போது திரும்பி, கோழியை அடைக்க மறந்துவிடாதே என்று ஆண்டாயியிடம் சொன்னாள். வனிதாவின் பையைத் தூக்கிக்கொண்டு வந்த எங்கள் லயத்து ஆள் ஒருவரும் முன் இருக்கையில் ஏறிப் போனார். அவர் யார் என்று நடுவர் அம்மா கேட்டார்கள். கடைசியில் சொல்கிறேன் என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

தீபாவளிக்கு வனிதா வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று பொன்னுத்துரை போனில் சொன்னார், அதன் பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை. அந்தத் தீபாவளிக்கு முன்பே என் மகன் தினகரனுக்கு மசினகுடியில் ஒரு ரிசார்ட்டில் ஜீப் ஓட்டும் வேலை கிடைத்தது. யார் வாங்கிக்கொடுத்தது என்று கேட்டேன். "தெரிஞ்சவங்கதாம்ப்பா" என்றான். அதிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் ஆண்டாயி வாசல் வழியாக வராமல், ஓடைப் பக்கமாகச் சுற்றி வந்தான். அட்டைக்கடியோடு வருவான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கொரோனாவில் திருப்பூர் போனவர்கள், கோயமுத்தூர் போனவர்கள் எல்லோரும் வந்துசேர்ந்தார்கள். வனிதா வரவில்லை. பஸ் மறுபடி ஓடத் தொடங்கியதும் நான் ஆண்டாயியைக் கூட்டிக்கொண்டு கூடலூருக்குப் போய் மனிஷாவைப் பார்த்தேன். அந்தப் பாவாடைப் பேச்சை அவர் மறந்திருக்க மாட்டார், திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, வனிதாவின் போட்டோ இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். திட்டாததும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. இதில் உனக்கு என்னம்மா கிடைக்கும் என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"சம்பளங்க தாத்தா. அதும் மூணு மாசமா வரலீங்க. நீங்க வேணா ஒரு மனு எழுதிப் போடுங்க" என்றார். எனக்கு எழுதத் தெரியாது என்று சொன்னேன். "அப்ப ரெண்டு பேரும் சும்மாதான் உக்காந்திருக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துப் போலீஸுக்குப் பேசினார்.

அதன் பிறகு பல மாதம் கழித்துப் போலீஸ்காரர்கள் வனிதாவைக் கூட்டிவந்தார்கள், பொன்னுத்துரையையும் பிடித்தார்கள். அவள் இருந்தது கோயமுத்தூரும் இல்லை, டாக்டர் வீடும் இல்லை. வெளியே பூட்டுப் போட்ட வீடு. அங்கே நடந்ததை அவள் நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறாள். நான் அவளிடம் கேட்டதில்லை, அதனால் அதைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.

வந்தவளைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவுக்கு உதவியாக மனிஷா சேர்த்துவிட்டார். எங்கள் லயத்துப் பெண்கள் அவளிடம் குழந்தையைக் கொடுக்காமல் முதுகில் கட்டிக்கொண்டே கொழுந்து பறிக்க மலைக்குப் போனார்கள். வனிதா காலியான தொட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மோசஸ் தன் பேத்தியைத் தூக்கிவந்து, "பால் குடிச்சிருச்சும்மா, நீ தூங்க வையி" என்று அவள் மடியில் போட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு மற்றவர்களும் கொடுத்தார்கள். மனிஷா அடிக்கடி வந்து வனிதாவோடு உட்கார்ந்திருப்பார். திரும்பிப் போகும்போது கையில் என்ன கொண்டு போகிறார் என்று நான் பார்ப்பேன். ஆண்டாயி கொடுத்த கீரைக் கட்டைத் தவிர வேறொன்றும் பார்க்கவில்லை.

போன வருடம் மோசஸ் நெஞ்சு வலியில் இறந்தார். இந்த ஆனியில் ஆண்டாயி மஞ்சள் காமாலையில் இறந்தாள். ஜாமீனில் வந்திருக்கும் பொன்னுத்துரை, தான் அந்த லயத்துக்கே வந்ததில்லை, ஜீப்பில் ஏறியதில்லை, வனிதாவுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று வாதாடுவதாக அறிந்தேன். போன மாதம் கீழ் லயத்தில் பதினான்கு வயதுப் பெண் உள்ள ஒரு காம்பராவில் அவர் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

"அண்ணே, சொகமா? நம்ம கப்பல் ஆளுக ஒவ்வொருத்தரா போயிட்டாக. நீங்க ஒடம்பப் பாத்துக்கங்க" என்றார்.

அந்தக் காம்பராக்காரர்கள் அவரை எதுவும் கேட்கவில்லை என்பது அவர்கள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் நான் மனிஷாவிடம் போய், எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வருகிறேன் என்று சொன்னேன்.

இதுவரை எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். என் வாயால் சொன்னது மட்டுமே இதில் இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, அத்தனையும் நடந்தது. கட்டைவிரலில் மை தடவினார்கள். ரேகை வைப்பதற்கு முன் பாக்கி ஒன்றை எழுதச் சொன்னேன். சொல்ல விருப்பமில்லாததைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று நடுவர் அம்மா மறுபடியும் எடுத்துச் சொன்னார்கள். விளங்கிக்கொண்டுதான் சொல்கிறேன். வனிதாவோடு அந்த ஜீப்பில் போனவர்களில், பொன்னுத்துரையை விட்டால், அந்தப் பூட்டுப் போட்ட வீட்டை அன்றைக்கே வாசலில் நின்று பார்த்திருக்கக்கூடியவர், முன் இருக்கையில் ஏறிப் போனவர், இன்னும் ஒருவர் உயிரோடு இருக்கிறார். அவரை அழைத்து விசாரிக்க வேண்டும். தற்சமயம் மசினகுடியில் ஜீப் ஓட்டுகிறார். பெயர் தினகரன், தகப்பனார் பெயர் சங்கிலி.