மாம்பலகைக் கதவு

கிட்ட வாங்க கா... விளக்கத் தணிச்சு வைங்க. இது என்ட கூட்டாளி பீற்றிஸ்ட பெரியப்பா அருளப்புக்கு நடந்தது. பீற்றிஸ்ட தகப்பன் கண்ணால கண்டது.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டை தொடங்கி அடுத்த வருஷம். ஆடி மாசம். இரவு ஏழு மணி... அந்த நாளையில பொழுதுபட்டாப் பனிச்சங்கேணி ரோட்டுல நாயும் நிக்காது. பீற்றிஸ்ட தகப்பன் மட்டும் காத்துப் போன சைக்கிளை உருட்டிக்கிட்டு வாறார்.

அருளப்புட வீடு உப்பாத்தங்கரையில கடைசி வீடு. ஒரு அறை, ஒரு கதவு. மலிவுக்கு வாங்கின மாம்பலகை. மாரி வந்தாத் தண்ணி குடிச்சு ஊதும். நிலையோட இறுகிடும். ரெண்டு பேர் தோள் குடுத்தாத்தான் திறக்கும். ஊருக்கே தெரியும்.

முந்தின மாரியில ஷெல்லடி. பக்கத்து வளவு அஞ்சலா ஓடி வந்து கதவுல அடிச்சாள்.

"அருளப்பு அண்ணே, திறங்க!"

"கதவு ஊதி இறுகிக் கிடக்கு புள்ள, ஏலாது... அங்கால ஓடு!"

பச்சைப் பொய். அந்தக் கிழமைதான் தச்சு ஓடாவியாரக் கூப்பிட்டுக் கதவு ஓரத்தச் சீவினது. பயத்துல கொண்டியப் போட்டுக்கிட்டு உள்ள கிடந்திருக்கார், பாவி. சாராய வெறியில அவரே பிறகு உளறினது. அவள் ஆத்துக்குள்ள இறங்கினாள்... மறுகா ஏறல்ல.

இப்ப ஆடி மாசம் எண்டனே... வறண்ட கச்சான் காத்துல மண்ணே வெடிச்சுக் கிடக்கு. வானத்துல வெளிச்சக் குண்டு ஒண்டு. அணையாம வந்து அருளப்புட கிடுகுக் கூரையில விழுந்திச்சு. சர்ர்ர்... பத்திட்டு.

தகப்பன் ஓடினார். உள்ளுக்கிருந்து அண்ணன் அருளப்பு கத்திக் குளறுறார்.

"தம்பி, கொண்டிய எடுத்துட்டன்... கதவு வருகுதில்லடா!"

தோள் குடுத்தார். அசையல்ல. தலைக்கு மேல நெருப்பு... கதவு ஐஸ் மாதிரிக் குளிருது. சேத்து மணம். பலகை ஊதுற சத்தம் கேட்டதாம்... கிறீச்... கிறீச்... நிலை பிளக்குது. வளவுல கிடந்த கோடாலிய எடுத்துக் கொத்தினார். கொத்தின இடமெல்லாம் தண்ணி.

"அஞ்சலா... புள்ள... என்ன விடு..."

விடுவாளா? நான் அருளப்புக்கு இரங்கமாட்டன் கா.

பிறகு சத்தமில்ல. கதவு தானாத் திறந்திச்சு. விரல் பட்ட மாதிரி, லேசா.

அருளப்பு வாசல்லயே கிடந்தார். உடம்புல ஒரு நெருப்புக் காயமில்ல. தகப்பன் வெளிய இழுத்துப் புரட்டினார்... வாயால தண்ணி. உப்புத் தண்ணி, குடம் குடமா. அதோட ஒரு இறால் குஞ்சும் மண்ணுல விழுந்திச்சு.

அது உயிரோட துடிச்சதாம்.