மூட்டைப்பூச்சி இல்லாத வீடு

அமைதியை என்னைப்போல மதித்த மனிதன் இதுவரை பிறந்ததில்லை. இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் மேடம், தகவலாகக் குறித்துக்கொள்ளுங்கள். விசாரணை அதிகாரி என்ற முறையில் உங்களுக்கு அது உதவும்.

நம் நிறுவனத்தில் என் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். தங்கும் இடங்களைப் பற்றி இணையத்தில் எழுதப்படும் கருத்துகளில் பொய்யைக் கண்டுபிடித்து நீக்குவது. ஆறு வருடம் இதைச் செய்தபின் ஒன்று புரிந்தது: முகம் தெரியாத எவனோ போட்ட ஒற்றை நட்சத்திரத்தைப் பார்த்து ஒரு நல்ல வீட்டையே ஒதுக்கிவிடுகிறவர்களைப் போன்ற ஏமாளிகள் உலகத்தில் இல்லை.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று நீங்கள் சொன்னதும் இந்தக் கடலோர ஊருக்கு வந்தேன். சரிவான ஒரு தெரு, கடைசியில் கடல். ஒரு அக்கா தன் வீட்டு மாடியில் நான்கு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார். மூன்று காலி. நான்காவதில் நான். என் ஜன்னலைத் திறந்தால் அலைச் சத்தம், மூடினால் அதுவும் இல்லை. நாளுக்கு ஒருமுறை கீழிருந்து அக்காவின் குரல் வரும். "தம்பி, டேங்க் நிறைஞ்சிடுச்சு, மோட்டார நிறுத்துங்க." நிறுத்துவேன். அவ்வளவுதான் உலகத்தோடு எனக்கிருந்த உறவு.

இரண்டாவது மாதம் பக்கத்து அறைக்கு ஒருவன் வந்தான். அவனும் லேப்டாப் ஆசாமி. காலை ஒன்பது மணிக்கு ஆரம்பிப்பான். "ஹலோ, கேக்குதா? இப்ப கேக்குதா?" எனக்குக் கேட்டது. தெருமுனையில் இருந்த நாய்க்கும் கேட்டது. அவன் யாரிடம் பேசினானோ அவர்களுக்கு மட்டும் கடைசிவரை கேட்கவில்லை. அடுத்த மாதம் இன்னும் இருவர் வந்தார்கள்.

அக்காவுக்கு வாயெல்லாம் பல். திரைச்சீலை மாற்றினார். "ரூமெல்லாம் இப்படியே நிறைஞ்சிருந்தா போதும் தம்பி. இல்லேன்னா மகன் வீட்டுக்குத்தான் போகணும். அங்க எனக்கு ஹால்ல ஒரு சோபா. டிவி அணைச்சாத்தான் படுக்க முடியும்" என்றார். "மொட்டை மாடியிலயும் ரெண்டு ரூம் எடுக்கலாம்னு பாக்கறேன்."

என் தலைக்கு நேர் மேலே, மேடம்.

ஆகவே எழுதினேன். கற்றுக்குட்டிகள் குளியலறையில் பாம்பைப் பார்த்ததாக எழுதுவார்கள், மாட்டிக்கொள்வார்கள். தேர்ந்தவன் முதலில் புகழ்வான். "வீட்டுக்கார அம்மா தங்கமானவர். ஜன்னல் பெரியது. ஆனால் மூட்டைப்பூச்சி." எவ்வளவு அடக்கம் பாருங்கள். ஏழு பேர் பெயரில் ஏழு. அதில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் வந்துவிட்டது, முழங்கால் வலியெல்லாம் கொடுத்தேன்.

இரண்டு மாதத்தில் மூவரும் காலி செய்தார்கள். புதிதாக யாரும் வரவில்லை. மறுபடி அலைச் சத்தம்.

அக்கா தினமும் மெத்தைகளை மொட்டை மாடிக்குச் சுமந்துபோய் வெயிலில் போட்டார். தையலைப் பிரித்து விரலால் தடவித் தேடினார். இல்லாத பூச்சியைத் தேடுவது சிரமமான வேலை. நானும் ஒரு முனையைப் பிடித்தேன்.

"நீங்க கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளை. இதை எடுக்கச் சொல்லி எழுதிக் குடுங்களேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன். கண்ணீர் வரும்படியான கடிதம். அது சுற்றிவந்து என் மேஜைக்கே விசாரணைக்கு வந்தது. தெரிந்தவர் விவகாரம் வந்தால் இன்னொருவருக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. இன்னொருவர் அவசரப்பட்டு நீக்கிவிட்டால்? பொறுமையாகப் படித்து, 'உண்மையான வாடிக்கையாளர்களின் கருத்து' என்று முடித்துவைத்தேன். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டினேன் என்பீர்கள். தொட்டிலை நன்றாகவே ஆட்டினேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அக்கா, அதையெல்லாம் எழுதியது யாரென்று கண்டுபிடிக்கச் சொன்னார். ஒரு நோட்டுப் புத்தகத்துடன் கீழே போய் உட்கார்ந்தேன். நான் யார்மேலும் பழி போடவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"உங்க ரூம் காலியா இருந்தா யாருக்கு லாபம்னு யோசிச்சுப் பாருங்கக்கா."

கடற்கரை முனையில் அவருடைய கூடப்பிறந்த தம்பி ஒரு லாட்ஜ் வைத்திருந்தார்.

"அவனா? மோட்டார் கெட்டா ஓடி வர்றவன் அவன்தான் தம்பி."

"நான் ஒண்ணும் சொல்லலயே."

அடுத்த வாரம் மோட்டார் கெட்டது. அவர் கருவிப் பையோடு வந்தார். அக்கா கதவைத் திறக்கவில்லை.

"அக்கா, என்ன கோவம்? சொல்லிட்டாவது கோவப்படு" என்று வெளியே நின்று கேட்டார். பையைப் படியில் வைத்துவிட்டுப் போனார். மோட்டாரை நான்தான் சரிசெய்தேன். அவருடைய கருவிகள் நல்ல தரம். அன்று முதல் அக்காவுக்குத் தம்பி என்று கூப்பிட நான் ஒருவன்தான் மிச்சம். அந்தப் பொறுப்பை நான் தட்டிக்கழிக்கவில்லை.

போன மாதம் மகன் வந்து அவரைக் கூட்டிப்போனான். வண்டியில் ஏறுமுன் அக்கா என் கையைப் பிடித்தார். "எல்லாரும் போனாங்க. நீங்க ஒருத்தர்தான் கடைசிவரைக்கும் என்னை நம்பி இருந்தீங்க." மறுக்கத் தோன்றவில்லை. உண்மைதானே. அந்த வீட்டில் மூட்டைப்பூச்சி இல்லை என்று எனக்குத்தான் உறுதியாகத் தெரியும்.

நான் மாட்டியது எப்படி என்று நீங்களே சொன்னீர்கள். ஏழு பேரும் எழுதியது அக்காவின் வைஃபையிலிருந்து. அதனால் அக்காவே தன் வீட்டைத் திட்டி எழுதியதாக முதலில் உங்களுக்குச் சந்தேகம். அது அநியாயம், மேடம். அவருக்கு எழுத்துத் திறமை போதாது. எழுதியது நான்தான். புகாரைத் தள்ளுபடி செய்ததும் நான்தான். அக்காவின் தம்பி ஒன்றும் செய்யவில்லை. இதை அக்காவிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதுதான் அவர் மனம் ஒருவழியாக அமைதியாகியிருக்கும். எனக்கு அமைதியைக் குலைத்துப் பழக்கமில்லை.

வீட்டை விற்கிறார்கள், நானும் வேறு ஊர் பார்க்க வேண்டும். நேற்று ஒன்று கிடைத்தது. கடல் பக்கம், குறைந்த வாடகை, வீட்டுக்கு ஒரே அறை. கீழே ஒரே ஒரு கருத்து, ஒற்றை நட்சத்திரம். "வீட்டுக்காரர் தங்கமானவர். ஜன்னல் பெரியது. ஆனால் மூட்டைப்பூச்சி."

இரண்டு முறை படித்தேன். தேர்ந்த கை.

பிறகு அந்தப் பக்கத்தை மூடிவிட்டு அடுத்த ஊரைத் தேடினேன். எதற்கு வம்பு.