ஆமாம் சாமி பொத்தான்

இருநூற்றுப் பத்து நாட்களாக நான் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. காய்ச்சல் வந்த இரண்டு நாளும் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். நீங்கள் அலுவலகத்தில் விசாரித்தபோது இதை என் நல்ல குணமாகச் சொல்லியிருப்பார்கள். அதிகம் பேசாததால் எனக்கு அங்கே மியூட் என்று பெயர். அதையும் சொல்லியிருப்பார்கள்.

எங்கள் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன் மேடம். நகரப் போக்குவரத்து வரைபடத்தை நீங்களும் செல்போனில் பார்த்திருப்பீர்கள். சாலை பச்சையாக இருந்தால் போகலாம். சிவப்பு என்றால் வேறு வழி பார்க்க வேண்டும். அந்த நிறங்களைக் கவனிப்பதற்காக நகரத்தை நான்காகப் பிரித்து நான்கு அறைகள் வைத்திருக்கிறார்கள். அறைக்கு இரண்டு மேசை. எங்கள் அறையில் முதல் மேசை எக்ஸ்பிரஸ் அண்ணனுடையது. ஒரு மாடி ஏற ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்வார், அதனால் அந்தப் பெயர். ஆஸ்பத்திரிக்குப் போகும் சுரங்கப்பாதை அவருடைய திரையில் இருந்தது. பக்கத்து மேசை என்னுடையது.

சுரங்கப்பாதை முடியும் இடத்தில் தாருக்கு அடியில் ஒரு சென்சார் புதைத்திருக்கிறார்கள். வெளியே வரும் வண்டிகளை அது எண்ணும். மூன்று நிமிடம் ஒரு வண்டியும் வரவில்லை என்றால் பூஜ்யம் காட்டும். நான் இயற்பியல் படித்தவள். பூஜ்யத்தைப் பார்த்தால் எதனால் பூஜ்யம் என்று கேட்கச் சொல்லித்தான் எங்களுக்குப் பாடம். சாலை காலியாக இருந்தாலும் பூஜ்யம்தான், உள்ளே எல்லாம் அடைத்துக்கொண்டு நின்றாலும் பூஜ்யம்தான். சென்சாருக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் திரை எங்களைக் கேட்கும்: சாலை காலியாக உள்ளதா? கேமராவைப் பார்த்துவிட்டு ஆமாம் அல்லது இல்லை அழுத்த வேண்டும். ஆமாம் என்றால் பச்சை நீடிக்கும்.

ஒரு ஷிஃப்டில் இப்படி இருநூறு முறை கேட்கும். அநேகமாக எல்லா முறையும் சாலை காலியாகத்தான் இருக்கும். அதனால் கேமராவை யாரும் பார்ப்பதில்லை. அந்தப் பொத்தானுக்கு ஆமாம் சாமி என்றே பெயர் வைத்திருந்தோம். எக்ஸ்பிரஸ் அண்ணன் வைத்த பெயர்.

அவர் நல்ல மனிதர் இல்லை என்று நான் சொல்லவில்லை. என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர். அறைக்குள் செல்போன் பேசக் கூடாது என்பதால் மனைவியோடு பேச வராந்தாவுக்குப் போவார். போகும்போது, "தங்கச்சி, என் பக்கமும் ஒரு கண்ணு" என்பார். நான் தலையசைப்பேன். திரும்பி வந்ததும், "அண்ணி உன்னைக் கேட்டா. நீ என்ன பதில் சொன்னேன்னு கேட்டா. தலையாட்டுனேன்னு சொன்னேன்" என்பார்.

முந்நூற்றுப் பதினாறு நாட்களுக்கு முன் ஒரு பிற்பகல் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. அக்கா அவரைப் பின் சீட்டில் படுக்கவைத்துவிட்டு வரைபடத்தைப் பார்த்தாள். எங்கே போனாலும் அதைப் பார்த்துவிட்டுப் போ என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஆஸ்பத்திரிக்கு இன்னொரு வழியான பாலம் சிவப்பாக இருந்தது. சுரங்கம் பச்சை. நாலு பன்னிரண்டுக்கு உள்ளே போனாள். நடுவில் ஒரு லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றிருந்தது. அவளுக்குப் பின்னால் பச்சையை நம்பி வந்த வண்டிகள் நின்றன. சுரங்கத்துக்குள் செல்போன் எடுக்காது. நாற்பது நிமிடம் அக்கா ஒவ்வொரு கார்க் கண்ணாடியாகத் தட்டிக்கொண்டு நடந்திருக்கிறாள். திரும்பி வந்தபோது அப்பா இல்லை.

முதல் மேசையின் பதிவில் எல்லாம் இருந்தது. நாலு ஒன்பதிலிருந்து நாலு முறை திரை கேட்டிருக்கிறது, நாலு முறையும் ஆமாம். நாலு இருபத்திரண்டுக்குத்தான் அவர் அதைச் சிவப்பாக மாற்றினார். விசாரணையில் அவர் எதையும் மறுக்கவில்லை. கவனக்குறைவு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவருடைய பதவி உயர்வு நின்றது, அவ்வளவுதான். தன் கைப்பட எழுதிக் கொடுத்த பிறகு வேறு ஆதாரம் எதற்கு?

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். "நீ மனசைப் போட்டு உழப்பிக்காத, தங்கச்சி. அந்தப் பொத்தான் அப்படி. யார் கை இருந்தாலும் அழுத்தியிருக்கும்" என்றார். செய்ததையும் செய்துவிட்டு, பழியைப் பொத்தான் மேல் போடுகிறார் என்று நினைத்தேன்.

அக்கா தூங்குவதில்லை. சாப்பிடும்போது தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்பாள். "அந்த மேப்பைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தவன் எவன்டி?"

முதலில் பாத்திரம் கழுவ எழுந்து போய்விடுவேன். அவள் விடவில்லை. "உன் ஆபீஸ்லதானே இருக்கான்? எவன்னு சொல்ல உனக்கு வாய் வராதா?"

பதினொன்றாம் நாள் சொன்னேன். முதல் மேசை என்றேன். அவள் தள்ளிவைத்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "அவனுக்கும் வீட்டுல ஆள் இருக்கும்ல? அவனுக்கும் தெரியணும்" என்றாள். அன்று அவள் முழுச் சாப்பாடு சாப்பிட்டாள். என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு அப்போதே தெளிவாகிவிட்டது. எப்போது என்பதுதான் தெரியவில்லை.

அடுத்த இரண்டு மாதத்துக்குள் அவர் மனைவி கர்ப்பமானார். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து. ஸ்கேன் படத்தை எனக்குக் காட்டினார். நான் தேதி எப்போது என்று கேட்டேன்.

"மியூட் பேசிட்டா, யாராவது எழுதி வைங்கப்பா" என்று சிரித்தார். பிறகு, "வலி வந்தா முதல் போன் உனக்குத்தான். நீ வழி சொல்லு, நான் வண்டிய ஓட்டுறேன்" என்றார்.

சரிண்ணே என்றேன். மேசை நாட்காட்டியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். அதன் பிறகு விடுப்பு எடுப்பது சரியாக இருக்காது. நான் இல்லாத நாளில் வேறு யாராவது கேமராவைப் பார்த்துவிடலாம்.

போன செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. இரண்டு மேசையையும் நானே பார்த்தேன். காலை பத்து முப்பத்தெட்டுக்குத் திரை சுரங்கப்பாதையைப் பற்றிக் கேட்டது. கேமராவைப் பார்த்தேன். ஒரு பேருந்து குறுக்கே நின்றிருந்தது. ஆமாம் அழுத்தினேன். அந்த அலுவலகத்தில் கேமராவைப் பார்த்துவிட்டு அந்தப் பொத்தானை அழுத்திய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அவர் கூப்பிடுவார் என்று அப்போது எனக்குத் தெரியாது. பல நாட்களாக, அவர் மேசையில் இல்லாதபோதெல்லாம், அங்கே எது நின்றாலும் பச்சையாகவே வைத்திருந்தேன், சில நிமிடங்களுக்கு.

பத்து நாற்பதுக்கு அறைத் தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, அண்ணிக்கு ரத்தம் நிக்கல. சுரங்கமா, பாலமா? வண்டி ஓட்டிக்கிட்டு மேப் பார்க்க முடியல."

"சுரங்கம் பச்சைண்ணே."

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"நீ இருக்கப்போய்த்தான்மா" என்று வைத்துவிட்டார்.

நான் பச்சைப் பொய் சொன்னேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். பச்சை என்றேன், அது பச்சையாக இருந்தது. பார்த்தேன் என்றேன், பார்த்தேன். பாலம் வழியாகப் போயிருந்தால் பதினாறு நிமிடம். அதை அவர் கேட்கவில்லை.

அதன் பிறகு திரை பதினொரு முறை கேட்டது. பதினொரு முறையும் ஆமாம் அழுத்தினேன். கேமராவில் அவருடைய வெள்ளைக் கார் தெரிந்தது. பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டதால் திருப்ப முடியவில்லை. கதவைத் திறந்து இறங்கி, வண்டிகளுக்கு நடுவே சுரங்க வாசலை நோக்கி ஓடினார். எக்ஸ்பிரஸ் அண்ணன் ஓடி அன்றுதான் பார்த்தேன். இறந்தது இருவர் என்று உங்கள் தாளில் இருக்கிறது. சரிதான். பெண் குழந்தை.

நானாக ஏன் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று கேட்டீர்கள். அன்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீ மனசைப் போட்டு உழப்பிக்காத, தங்கச்சி. அந்தப் பொத்தான் அப்படி" என்றார்.

அதே வார்த்தைகள், அதே குரல். வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்துவிட்டேன்.

இப்போது நீங்கள் என் முன் வைத்திருக்கும் தாள் எங்கள் அறைக் கதவின் பதிவு. அப்பா போன அன்று நாலு ஆறுக்கு அவருடைய அட்டை வெளியே போயிருக்கிறது. நாலு இருபதுக்கு உள்ளே வந்திருக்கிறது. வந்த இரண்டாவது நிமிடம் சாலை சிவப்பாகியிருக்கிறது. ஆம், வராந்தாவில்தான் இருந்தார். போகும்போது என் பக்கமும் ஒரு கண்ணு என்றார். நான் தலையசைத்தேன். விசாரணையில் அவர் இதைச் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை.

மறந்திருந்தேன் என்று சொல்ல மாட்டேன். அக்கா ஒவ்வொரு முறையும் எவன் என்றுதான் கேட்டாள். அந்தச் சொல்லுக்குள் நான் வரவில்லை, அவர் வந்தார். சொல்லிச் சொல்லி எனக்கும் அது அப்படியே ஆகிவிட்டது.

அக்காவிடம் பேசும்போது அதை மட்டும் திருத்திச் சொல்லுங்கள் மேடம். எவன் இல்லை, எவள். அப்பா போன அன்று நாலு முறையும் ஆமாம் என்று அழுத்தியது நான்.