கம்ப்யூட்டருக்கும் சரஸ்வதி பூஜை

அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஷர்மினியின் மேசை தெரிகிறதென்றால், அது எங்கள் டத்தோ கிராமாட் வட்டாரத்தில் இந்த வீடுகளைக் கட்டியவன் குற்றம்.

ஷர்மினி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் விரிவுரையாளர். உலோகத்துக்குள் அணுக்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று ஆராய்கிறாள். உலோகத்தைத் தொடுவதே இல்லை. எல்லாம் கணக்கு. அதையும் கம்ப்யூட்டர்தான் போடுகிறது. பல்கலைக்கழக இயந்திரத்துக்குக் காத்திருப்போர் அதிகமென்று, சொந்தமாக ஒன்றை வாங்கி வீட்டிலேயே வைத்தாள். மாதக்கணக்காக அது இரைந்துகொண்டிருந்தது, இவள் டீ குடித்துக்கொண்டிருந்தாள். இதற்குப் பெயர் உத்தியோகம்.

அந்தக் கணக்கு முடிந்தால் கட்டுரை; கட்டுரை வந்தால் ஜெர்மனியில் நிரந்தரப் பதவி. என்னிடம் அவள் சொல்லவில்லை. போனில் சத்தமாகப் பேசினால் நான் என்ன காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

சரஸ்வதி பூஜை சமயம் சிங்கப்பூரில் மாநாடு என்று கிளம்பினாள். சாவியை என்னிடம் கொடுத்தாள்.

“ரமணிக்கா, வெளக்கு மட்டும் ஏத்திடுங்க. கம்ப்யூட்டர தொட்டுடாதீங்க லா. அது நின்னுச்சுன்னா என் கதை முடிஞ்சுது.”

“நா எதுக்கும்மா தொடப்போறேன்?”

விளக்கேற்றும்வரை தொடவில்லைதான். பிறகு யோசித்தேன். பூஜையன்று புத்தகத்தை மூடி வைக்கிறோம். என் வீட்டுக்காரர் லாரிக்கே மாலை போட்டு ஓய்வு கொடுக்கிறார். இது மட்டும் உழைத்தால் கலைமகள் என்ன நினைப்பாள்? அணைத்தேன். சந்தனம், குங்குமம் வைத்தேன். காற்றுப் போக ஓட்டைகள் இருந்தன. சந்தனம் அங்கேதான் நன்றாக ஒட்டியது. பக்கத்தில், கணக்கையெல்லாம் சேமித்து வைக்கும் சின்னப் பெட்டி. பாரபட்சம் கூடாதென்று மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். சரியாகப் படவில்லை. சொம்போடு ஊற்றினேன்.

அவள் வருவதற்குள் எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்துவிட்டேன். சாமி காரியத்தை விளம்பரப்படுத்தக் கூடாது.

வந்தவள் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

“நீ இல்லாதப்ப பெரிய இடி மின்னல்மா,” என்றேன். சுண்டல் கொடுத்தேன்.

“ஜெர்மனி போச்சுக்கா. பக்கத்துல நீங்க மட்டும் இல்லன்னா நா என்ன ஆவேன்?”

கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். நீங்களும் என்னைப் போல வாய் திறக்காதவர். இப்போது புது இயந்திரம் இரைகிறது. இம்முறை ஜப்பானாம். பூஜையும் வருகிறது, கடலை வாங்கி வைத்துவிட்டேன். எல்லாம் பக்தியால் செய்வது. அவள் போய்விட்டால், அடுத்துக் குடிவருகிறவர்கள் ஜன்னலுக்குத் திரைச்சீலை போட்டுவிடுவார்களோ என்று நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.